சூரியனைக் கையால் மறைக்கலாம்

போன மாதம் பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனுக்கு அக்கா மகன் ரங்கூனிலிருந்து வந்திருந்தான். கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு விதி: சூரியன் எப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும். சாயங்காலம் அவனைச் சைத்தன்லான் பயாவுக்குக் கூட்டிப்போனேன். பயா என்றால் இங்கே புத்தர் கோயில், இது மேட்டின் உச்சியில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் ஊரின் தகரக் கூரைகள், அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் பீலூஜுன் தீவு, அதற்கும் பின்னால்தான் சூரியன் இறங்கும். ஊர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள் என்று ஒரு கூட்டமே போனை நீட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்க, இவன் மட்டும் விதி தவறாமல் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுண்ணாம்புச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், எல்லாரும் எதைப் பார்க்கிறாங்க, நீ எதை எடுக்கிறே?"

"அந்தப் பக்கம் எடுத்தா வெள்ளை ஓட்டைதான் மாமா விழுது."

அவன் சொன்னது பொய்யில்லை. சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்புகிற எல்லாருக்கும் முதலில் கிடைப்பது அந்த வெள்ளை ஓட்டைதான். இல்லாவிட்டால் சூரியன் சுமாராகத் தெரிந்து, மற்றதெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் அந்த முதுகு விதி வந்தது. தப்பான விதி என்று சொல்ல மாட்டேன், ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன் நான், பாஸ்போர்ட் போட்டோவுக்கு அது நல்ல விதி. ஆனால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தால் எதிரே இருப்பதெல்லாம் ஒரே சீராக வெளிச்சம் வாங்கிக்கொள்ளும், நிழல்கள் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாத மலை, அட்டையில் வெட்டி ஒட்டினது மாதிரிதான் இருக்கும். நிலக்காட்சி எடுக்கிறவனுக்கு நிழல் பாதிச் சொத்து, அதைத் தொலைத்துவிட்டு எதை எடுப்பது?

சரி, முதலில் கேமராவின் சங்கடம் என்ன என்று பார்த்துவிடுவோம். உச்சி வெயிலில் சூரியனின் பிரகாசம், அதே வெயில் பட்டுக் கிடக்கிற மண்ணின் பிரகாசத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல். இன்றைக்கு இருக்கிற நல்ல கேமரா ஒரே படத்துக்குள் தாங்குகிற வித்தியாசம் சுமார் 14 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, அப்படி 14 தடவை இரட்டித்தால் ஏறக்குறைய 16,000 மடங்கு. லட்சத்தை 16,000-க்குள் அடைக்க முடியாது, அதுவும் மரத்தடி, வரப்போரம் எல்லாம் வெயில் படாமல் இன்னும் இருட்டாக இருக்கும்போது. ஆக எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடுவது என்ற முடிவை நாம் எடுக்காமல் கேமராவின் ஆட்டோ முறையிடம் விட்டால், அது இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் போய் இரண்டையும் கெடுத்து வைக்கும்.

விட்டுக்கொடுப்பது ஒரு வழி. மறைப்பது இன்னொரு வழி. 'சூரியனைக் கையால் மறைக்க முடியுமா' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், நடக்காத காரியத்துக்கு உதாரணமாக. போட்டோக்காரனைக் கேட்டால் தாராளமாக முடியும் என்பான். வானத்தில் சூரியனின் அகலம் வெறும் அரை டிகிரி. கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது இரண்டு சூரியனை மறைக்கிற அளவு. சுண்டுவிரலுக்கே இந்தக் கதி என்றால் பனைமர உச்சி, பயாவின் கோபுரக் குடை, மலை முகடு, வாழை இலை, ஆற்றில் போகிற படகோட்டியின் ஓலைத்தொப்பி எதுவும் போதும். சூரியனை எதிரே வைத்துப் படம் எடுக்கிற வித்தையில் முக்கால்வாசி இவ்வளவுதான்: எதை வைத்து மறைப்பது, எவ்வளவு மறைப்பது. முழுசாக மறைத்தால் ஒரு படம், பாதி மறைத்தால் வேறு படம், ஒரு நூலிழை மட்டும் எட்டிப் பார்க்க விட்டால் முற்றிலும் வேறு.

அதற்கு முன்னால், கையிலிருக்கிற லென்ஸ் சூரியனை எத்தனை பெரிதாகக் காட்டும் என்று தெரிந்திருக்கணும். கணக்கு சுலபம். லென்ஸில் போட்டிருக்கிற மி.மீ. எண்ணை 100-ஆல் வகுங்கள், படம் பதிகிற சென்சார் மேல் விழும் சூரியனின் விட்டம் கிட்டத்தட்ட அதுதான். 24 மி.மீ. லென்ஸில் கால் மில்லிமீட்டர். 200-இல் 2 மி.மீ., 400-இல் 4 மி.மீ. முழு அளவு சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், 400 மி.மீ. லென்ஸில் சூரியன் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வரும். கண்ணுக்குத் தாம்பாளம் மாதிரி தெரிந்த அஸ்தமனச் சூரியன் போனில் எடுத்தால் மிளகு மாதிரி விழுவதன் ரகசியம் இதுதான், போன் லென்ஸ் அகலமான லென்ஸ். அதனால் நான் அக்கா மகனுக்குச் சொன்னது: அகல லென்ஸ் போட்டால் சூரியன் பொட்டு, நீள லென்ஸ் போட்டால் தட்டு. உனக்குப் பொட்டு வேணுமா தட்டு வேணுமா என்று முதலில் முடிவு பண்ணு. இரண்டுக்கும் வேலை வேறு, நேரம் வேறு, ஆபத்தும் வேறு.

பொட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலண்டர் படங்களில் மலை முகட்டில் சூரியன் நட்சத்திரம் மாதிரி கதிர் விட்டுக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். நிறையப் பேர் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தது என்று நினைக்கிறார்கள், இல்லை, லென்ஸே போடுகிற கோலம் அது. லென்ஸுக்குள் அபர்ச்சர் என்கிற துளையைச் சில மெல்லிய இதழ்கள் சேர்ந்து மூடித் திறக்கின்றன. துளையைச் சின்னதாக்கும்போது அந்த இதழ்களின் நேர்விளிம்புகள் சேர்ந்து ஒரு பலகோணம் ஆகிவிடும். ஒளி அந்த விளிம்புகளை உரசிப்போகும்போது கொஞ்சம் வளையும், ஒவ்வொரு விளிம்பும் தனக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுத்துவிடும். இதழ்கள் இரட்டைப்படையில் இருந்தால் எதிரெதிர் விளிம்புகளின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும், 8 இதழுக்கு 8 கதிர். ஒற்றைப்படையில் இருந்தால் அப்படி விழாது, 7 இதழுக்கு 14 கதிர். அவன் லென்ஸில் எண்ணிப் பார்த்தோம், 14 வந்தது. என் கடையில் கிடக்கிற பழைய 50 மி.மீ. லென்ஸில் 5 இதழ்தான், அதில் 10 கதிர், எனக்கு என்னவோ அந்தப் பத்துதான் பிடிக்கும், 18 கதிர் வந்தால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது.

செய்முறைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். அபர்ச்சரை எஃப்/16 என்ற சின்னத் துளையில் வைக்கவேண்டும், இன்னும் சின்னதான எஃப்/22 வரை போனால் கதிர் இன்னும் நீளும், ஆனால் படம் முழுக்கக் கூர்மை குறைந்துவிடும், அதே ஒளி வளைவுதான் அங்கே எதிரியாகிறது. அடுத்தது, சூரியனை எதன் விளிம்பிலாவது வைத்துப் பெரும்பகுதியை மறைக்கவேண்டும். முழுச் சூரியனைவிட நூலிழை சூரியன்தான் கூர்மையான நட்சத்திரம் தரும். போனில் இது நடக்காது, பெரும்பாலான போன் லென்ஸில் மூடித் திறக்கிற இதழே கிடையாது, துளை வட்டமாக அப்படியே நிற்கும். போனில் நீள நீளமாகக் கோடு வந்தால் கண்ணாடியில் விரல் பிசுக்கு என்று அர்த்தம்.

இதை நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட இடம் பா-அன் பக்கம் ஸ்வெகபின் மலையடிவாரம். 722 மீட்டர் உயரம்தான், பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டையான வயலிலிருந்து சுவர் வைத்த மாதிரி நிமிர்ந்து நிற்கிற சுண்ணாம்புப் பாறை. மேற்கு அடிவாரத்தில் லும்பினித் தோட்டம், அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஊருக்கெல்லாம் விடிந்து வெகுநேரம் ஆனபிறகும் அந்த அடிவாரம் மலையின் நிழலில்தான் கிடக்கும். தோட்டத்துக்கு மேற்கே வயல்வரப்பில் நான் கேமரா நிறுத்துகிற முக்காலியை நட்டுவைத்துக் காத்திருந்தேன். முகட்டில் சூரியன் எட்டிப்பார்த்தது, நட்சத்திரம் விழுந்தது, இரண்டு படம் எடுப்பதற்குள் முழுச் சூரியன் மேலே வந்து எல்லாம் வெளுத்துப்போனது. சூரியன் தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம்தான் ஆகும், அதில் நட்சத்திரத்துக்கு உருப்படியான நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. போச்சே என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தால், பத்திருபது அடியில் மறுபடி நிழலுக்குள் போய்விட்டேன், நிமிர்ந்து பார்த்தால் சூரியன் மறுபடி முகட்டின் விளிம்பில்! தரையில் நிழலின் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கிறவனுக்குச் சூரியன் முகட்டில் நிற்கும். அந்த ஓரம் மெதுவாக மலையை நோக்கிப் பின்வாங்குகிறது, நாமும் கூடவே மெதுவாக நடந்தால் அதே விடியலைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். அன்றைக்கு ஏழு தடவை விடிந்தது எனக்கு. பயாவின் நிழலிலும் இதைச் செய்யலாம், தென்னை மரத்து நிழலிலும் செய்யலாம், ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற விஷயத்தில் பழைய ஆட்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு, எனக்கு இருந்தது. நெகட்டிவ் பிலிமில் கொஞ்சம் வெளிச்சம் கூடினால் குற்றமில்லை, குறைந்தால்தான் பிரிண்ட் சேறு மாதிரி வரும், அதனால் கை தானாகக் கூடவே வைக்கும். டிஜிட்டல் நேர் எதிர். வெளுத்துப்போன இடத்தில் ஒன்றும் பதிவாகியிருக்காது, என்ன செய்தாலும் திரும்ப வராது, ஆனால் இருட்டாக விழுந்த இடத்தில் விவரம் ஒளிந்துகொண்டிருக்கும், ரா என்கிற, கேமரா மெருகேற்றாத கோப்பில் எடுத்திருந்தால் பிறகு இழுத்துக்கொள்ளலாம். அதனால் சூரியன் படத்துக்குள் இருக்கிறது என்றால் இருட்டுப் பக்கமே சாயுங்கள். கேமராவை எம் என்ற மேனுவலில் வைத்து, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/16, ஷட்டர் 1/125 வினாடி என்று ஆரம்பியுங்கள், ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்த இடம் கண்சிமிட்டிக் காட்டுகிற வசதி பெரும்பாலான கேமராவில் ஏதோ ஒரு மெனுவுக்குள் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டால் வேலை சுலபம்: சூரியனும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் சிமிட்டலாம், அது போய்த் தொலையட்டும், வானம் முழுக்கச் சிமிட்டினால் 1/250, அப்புறம் 1/500 என்று இறக்குங்கள். போனில் என்றால், சூரியனைத் தொடாமல் அதற்குப் பக்கத்து வானத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, பூட்டிக்கொண்டதும் விரலைக் கீழே இழுங்கள். திரை இருண்டுகொண்டே வந்து ஒரு இடத்தில் வானத்தின் நிறம் தெரிய ஆரம்பிக்கும், அங்கே நிறுத்துங்கள். கூடுதல் வெளிச்சம், குறைந்த வெளிச்சம் என்று மூன்று படம் எடுத்து ஒன்றாகக் கோக்கிற முறையும் உண்டு, அளவோடு செய்தால் நல்லதுதான், ஆனால் நிழலே இல்லாமல் எல்லா மூலையும் பளபளக்கிற மாதிரி செய்துவிடுகிறார்கள், கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி. எனக்கு ஆகாது.

அன்றைக்குப் பயாவில் அவன் போனையும் வாங்கி இதைக் காட்டப் போனேன். படம் முழுக்கப் பால் ஊற்றினது மாதிரி ஒரே வெளுப்பு. போனைத் திருப்பிப் பார்த்தால் லென்ஸ் மேல் மஞ்சளாக ஒரு தீற்றல். பையன் காலையில் அவன் சித்தி கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டிருந்தபோது செல்பி எடுத்து விளையாடியிருக்கிறான், விரலில் இருந்தது லென்ஸுக்கு வந்துவிட்டது. சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்திருந்தால் இந்தப் பிசுக்கு தெரிந்திருக்காது. நேர் வெயில் லென்ஸில் பட்டால் ஒரு ரேகை, ஒரு தூசிகூடக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சூரியன் பக்கம் திரும்புமுன் லென்ஸைத் துடைப்பது ஒரு பழக்கமாகவே ஆகவேண்டும், இடுப்பில் கட்டுகிற லோஞ்சி முனையால் இல்லை, அதற்கென்று ஒரு மெல்லிய துணி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று கடைக்காரர் தலையில் கட்டிய யுவி ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள், முன்னால் ஒரு கண்ணாடி கூடினால் ஒளி மோதித் திரும்ப இரண்டு பரப்பு கூடுகிறது. வானத்தின் நீலத்தைக் கூட்டுகிற போலரைசர் ஃபில்டரும் அப்படித்தான், அது சூரியனிலிருந்து 90 டிகிரி பக்கவாட்டு வானத்தில்தான் முழு வேலை செய்யும், சூரியனை நேரே பார்க்கும்போது வெறும் சுமை.

இந்தப் பால்வெளுப்பும், படத்துக்குள் வரிசையாக விழுகிற பச்சை, ஊதா வட்டங்களும் ஒரே குடும்பம், ஃபிளேர் என்று சொல்கிறார்கள். லென்ஸுக்குள் இருக்கிற கண்ணாடிகளுக்கிடையே ஒளி மோதி மோதித் திரும்புவதால் வருவது. வட்டங்கள் எப்போதும் சூரியனிலிருந்து படத்தின் நடுமையம் வழியாக ஒரே நேர்கோட்டில் விழும், போனில் சூரியனுக்கு எதிர் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு நிற்குமே, அதுவும் இதுதான். இது தெரிந்துகொண்டால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்து அந்தப் பொட்டை ஏதாவது ஒரு புதருக்குள் தள்ளிவிடலாம். இல்லை, அதை அப்படியே விட்டு அழகாகவும் வைத்துக்கொள்ளலாம், வெளுப்பு கொஞ்சம் இருந்தால்தான் அது வெயில் என்று மனசில் படும்.

ஃபிளேர் வேண்டவே வேண்டாம் என்றால், இங்கேதான் அந்தப் பழமொழியை மறுபடி எடுக்கிறேன். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து ஒரு படம் எடுங்கள். அடுத்த படத்துக்கு, கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனைச் சரியாக மறைத்துவிட்டு எடுங்கள். இரண்டாவது படத்தில் வானத்தில் ஒரு விரல் நிற்கும், ஆனால் கீழே நிலம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும், வெளுப்பும் இருக்காது, வட்டமும் இருக்காது. வீட்டில் உட்கார்ந்து முதல் படத்தின் வானத்தையும் இரண்டாவதின் நிலத்தையும் சேர்த்துவிட்டால் முடிந்தது. பெரிய பெரிய நிலக்காட்சிக்காரர்கள் செய்கிற வேலைதான் இது, செலவு ஒரு கட்டைவிரல்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். காலையில் கிழக்கே ஆள் ஏற்றிப் போகிற லைன் கார் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சூரியன் எதிரே வந்ததும் முன்கண்ணாடி முழுக்கத் தூசி ஜொலிக்கிறது, ரோடே தெரியவில்லை. கார் ஒரு வளைவில் திரும்பியதும் அதே கண்ணாடி சுத்தமாகத் தெரிகிறது. தூசி எங்கேயும் போகவில்லை. நுண்ணிய துகளில் பட்ட ஒளி பெரும்பாலும் வந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறும், திரும்பி வருவது கொஞ்சம்தான். அதனால் சூரியனை எதிர்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் பனி, புகை, தூசி, நீராவி எல்லாம் உயிர்பெற்றுத் தெரியும், முதுகு காட்டினவனுக்கு ஒன்றும் இருக்காது. பாகானில் சாயங்காலம் மாட்டு மந்தை வீடு திரும்பும்போது செங்கல் கோயில்களுக்கு நடுவே புழுதி பொன்னாகப் பறக்கிற படங்கள் உலகம் முழுக்கப் பிரபலம், அதில் பொன் என்பது வெறும் புழுதி, எதிர்வெயில் பட்ட புழுதி. அங்கே பயாக்களின் மேல் ஏறத் தடை போட்டிருப்பதால் தரையில் நின்றுதான் எடுக்கவேண்டும், அது ஒருவகையில் நல்லதுகூட, தரையில்தான் புழுதி இருக்கிறது.

இதற்கு இரண்டு சேர்மானம் வேண்டும். ஒன்று, சூரியன் ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் மறைந்திருக்கணும், மரத்தண்டு, கிளை, கூரை எதுவானாலும் சரி. இரண்டு, புகைக்குப் பின்னால் இருப்பது இருட்டாக இருக்கணும், வெள்ளை வானத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை எடுபடாது. தை மாதம் எங்கள் வீட்டு வாசலில் பொங்கல் வைக்கும்போது பாருங்கள், பானைக்கு மேற்கே நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் பலாமரத்துக்குப் பின்னால், மரம் இருட்டு, அதற்கு முன்னால் பானையிலிருந்து ஆவி எழும்பும்போது ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரியும். "பால் பொங்குது, வந்து குலவை போடாம படமா எடுக்கிறே" என்று அக்கா கத்துவாள், அந்த அரை நிமிடம்தான் ஆவி நன்றாக வரும், நான் என்ன செய்ய. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலைப் பனி இருக்கும், முடோன் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்த நேரம் போனால் வரிசை மரங்களுக்கிடையே கதிர் கதிராக வெயில் இறங்கும். அந்தக் கதிர்கள் விசிறி மாதிரி விரிந்து தெரிந்தாலும் உண்மையில் இணைகோடுகள்தான், ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்கிற மாதிரி தெரிகிறதே, அதே மாயம். ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கிற காலமும் அதையொட்டித்தான், இளந்துளிர் செம்பு நிறத்தில் இருக்கும், அதன் பின்னால் சூரியனை வைத்தால் இலை விளக்கு போட்டது மாதிரி எரியும். ரப்பர் தோட்டம் இல்லாதவர்கள் கொல்லைப்புறத்து வாழையடிக்குப் போங்கள். மேலே பட்ட வெயிலில் வாழை இலை வெறும் பச்சைப் பளபளப்பு. அடியில் குனிந்து நின்று அண்ணாந்து பார்த்தால் நரம்பு நரம்பாக மஞ்சள்பச்சை, காற்றில் கிழிந்த இடத்தில் நூலிழை சூரியன், அங்கேயே நட்சத்திரமும் விழும். உச்சி வெயிலிலும் இது நடக்கும், பகல் 12 மணிக்கு ஒன்றும் எடுக்க முடியாது என்கிறவர்கள் அண்ணாந்து பார்க்காதவர்கள்.

தட்டுக்கு வருகிறேன், அதாவது நீள லென்ஸ். முதலில் எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்திருப்போம். 200 மி.மீ. லென்ஸ் அதைவிடப் பெரிய பூதக்கண்ணாடி. கண்ணாடி வழியாகப் பார்க்கிற டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்த லென்ஸைப் போட்டு, மேலே நிற்கிற சூரியனைப் பார்த்தால் எரிவது காகிதமில்லை, விழித்திரை, அதற்கு வலிகூடத் தெரியாது. பின்பக்கத் திரையில் மட்டும் பாருங்கள், சூரியன் அடிவானத்தில் இறங்கிச் சிவந்து, வெறும் கண்ணுக்குக் கூசாத நிலை வந்தபிறகே நீள லென்ஸைத் திருப்புங்கள். கேமராவுக்கும் ஆபத்து உண்டு. அப்பாவிடம் துணித்திரை ஷட்டர் வைத்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று இருந்தது. ஒருநாள் மூடி போடாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டார், சூரியன் லென்ஸ் வழியாக வந்து ஷட்டர் துணியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டது. அதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று ரோல் வீணான பிறகுதான் காரணம் பிடிபட்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராவையும் சூரியனைப் பார்க்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள்.

தட்டுச் சூரியனுக்கு முன்னால் எதையாவது நிறுத்தினால் அது கறுப்பு உருவமாகிவிடும். இந்த நாட்டில் அதற்கென்றே கட்டினது மாதிரி ஒரு இடம் இருக்கிறது, மண்டலே பக்கத்தில் அமரபுரத்து ஊ பெய்ன் பாலம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தேக்குமரத்தால் போட்டது, 1.2 கிலோமீட்டர் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், கைப்பிடி பெரும்பகுதிக்குக் கிடையாது. 2018-இல் நான் போனபோது ஒரு படகு பிடித்துக்கொண்டு, பாலம் நமக்கும் சூரியனுக்கும் நடுவே வருகிற மாதிரி நிறுத்தச் சொன்னேன். கறுப்பு உருவத்தில் நிறமில்லை, முகமில்லை, துணியின் பூவேலை இல்லை, மிஞ்சுவது ஓரக்கோடு மட்டும். அதனால் நாலு பேர் சேர்ந்து நடந்தால் எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு கட்டி. ஒரு ஆள் தனியாக, பக்கவாட்டில் திரும்பி, கால் இரண்டும் விரிந்து எட்டு வைக்கிற நொடி வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், குடை பிடித்த பொங்கி, அதாவது புத்த பிக்கு, தலையில் கூடை வைத்த அம்மா, இவர்கள்தான் அங்கே ராஜா. ஒரு பொங்கி சூரியத் தட்டுக்குள் வந்து சேரும்வரை காத்திருந்து எடுத்தேன், பார்த்தால் குடைக்கம்பு தூணோடு ஒட்டிக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. படகுக்காரர் சிரித்துக்கொண்டே துடுப்பை ஒரு தடவை போட்டு இரண்டடி நகர்த்தினார், அவர் அதற்குமுன் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். அடுத்த ஆளுக்குச் சரியாக வந்தது. வானத்துக்கு அளந்து எக்ஸ்போஷர் வைத்தால் போதும், தரை கறுத்துப் போகட்டும், அதுதான் இங்கே வேண்டியது.

மார்ச், ஏப்ரலில் காடும் வயலும் எரிக்கிற புகை வானத்தை மூடிக்கொள்ளும், இருமல்காரர்களுக்குக் கெட்ட காலம், ஆனால் அந்தப் புகையில் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே சிவப்புத் தட்டாகிவிடும். மழைக்காலத்தில் மோல்மீனில் கொட்டுகிற மழையில் சூரியனைப் பார்ப்பதே பெரிய காரியம், பார்த்துவிட்டால் மேகப்பிளவிலிருந்து கதிர் இறங்குகிற படம் கிடைக்கும், ஐந்து நிமிடம்தான்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஐரோப்பியர்கள் எழுதுகிற பாடங்களைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். வெயில் பொன்னிறமாகிற கோல்டன் அவர் என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்கிறார்களே, அது இங்கே இல்லை. சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து அடிவானத்துக்கு இறங்க லண்டனில் மார்ச் மாதம் 40 நிமிடம் போல ஆகும், சரிந்து சரிந்து இறங்கும். நம் ஊர் 16 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, இங்கே ஏறக்குறைய நேராக விழும், 25 நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பயாவின் படிக்கட்டில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தால் தவறிப்போகும். மே முதல் வாரத்திலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலேயே வந்துவிடும், நிழல் காலடியில் சுருண்டு படுத்துவிடும். அதுவும் பர்மா மணிக்கணக்கு 97.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்டது, அந்தக் கோடு மோல்மீனை ஒட்டியே போகிறது, அதனால் கடிகாரம் 12 காட்டுகிற நேரத்துக்கு அதிகபட்சம் கால் மணி நேரம் போல முன்னே பின்னேதான் நமக்கு நிஜ உச்சி. ரங்கூனில் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளி. இதனால் படத்துக்குப் பெரிய லாபமில்லை, எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

லாபம் இருப்பது திசையில். சூரியன் தினமும் ஒரே இடத்தில் மறைவதில்லை. உத்தராயணம், தட்சிணாயணம் என்று நாம் சொல்கிற நகர்வை அடிவானத்தில் பார்த்தால் ஜூன் கடைசி முதல் டிசம்பர் கடைசி வரை மறைகிற இடம் வடக்கிலிருந்து தெற்காக 49 டிகிரி போல நகர்கிறது, கையை நீட்டிச் சாணாக விரித்துப் பிடித்தால் இரண்டு சாணுக்கும் மேல். பயாவில் நின்று பார்த்தால் பீலூஜுனில் ஜூனில் ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்த சூரியன் டிசம்பரில் எங்கேயோ போய் மறையும். ஆக ஒரு இடத்தில் எதுவும் சரியாக அமையவில்லை என்றால் இடம் மோசம் என்று விட்டுவிட வேண்டாம், மாதம் மாறட்டும். இப்போதெல்லாம் நினைத்த ஊருக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட முடிகிற காலமும் இல்லை, சொந்த ஊரில் ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதமும் நிற்பது கெட்டிக்காரத்தனம்.

அவன் ரங்கூன் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். ஆறாவது மாடி பின்பக்கம், கொடியில் காய்கிற கட்டம் போட்ட லோஞ்சி, அதன் பின்னால் காலைச் சூரியன். துணி முழுக்க வெளிச்சம் ஊறி ஒவ்வொரு நூலும் தெரிந்தது, கொடியில் மாட்டிய கிளிப்புக்குப் பின்னால் சூரியனை ஒளித்து வைத்திருந்தான், கிளிப்பின் இடுக்கிலிருந்து 14 கதிர். கீழே மூலையில் சந்தும் ஒரு தள்ளுவண்டியும் நிழலுக்குள் மங்கலாக.

"மாமா, இது நிலக்காட்சியில சேருமா?"

"கீழே சந்து தெரியுதில்ல மாப்ளே, சேரும்."